டோனி டங்கி: கத்தாத கோச்

சென்ற இதழில் ஈரோட்டு வாசகர் ஒருவர், ‘சத்தம் போடாமல் ஆட்களிடம் வேலை வாங்க முடியுமா?’ என்று கேட்டிருந்தார். ‘டோனி டங்கி வாங்கினார்’ என்று மூன்றே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது தப்பாகப் போயிற்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘யார் ஐயா அந்த டங்கி?’ என்றுதான் கேட்கின்றன. நான்கு பேர் ‘தோனி’ என்பதைப் பிழையாக அச்சடித்துவிட்டதாக நினைத்துத் திருத்தியே அனுப்பியிருக்கிறார்கள். இவர் ராஞ்சிக்காரர் இல்லை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்காரர். நான் 2001 முதல் பத்து வருஷம் இண்டியானாபொலிஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். அந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு டங்கி கோச்சாக இருந்த ஏழு வருஷமும் அங்கேதான் இருந்தேன். அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுவதும் அவருக்கே.

ஃபுட்பால் என்றால் நம் மெஸ்ஸி ஆடுவதுதானே? இதில் ஏன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்கிறார்கள்?
- குடும்பத் தலைவி, நாமக்கல்

பெயரில்தான் கால், ஆட்டம் பெரும்பாலும் கையில். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து கையிலிருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜமாவது முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன். பந்தை எறிகிறவர் குவாட்டர்பேக். தடுக்கும் அணியில் கடைசி ஆளாகப் பின்னால் நிற்பவர் சேஃப்டி. இந்த இரண்டு பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, நம் கதைக்குப் போதும்.

பெரிய ஆட்டக்காரர்கள்தான் பெரிய கோச் ஆகிறார்களா? உங்கள் டங்கி எப்படி?
- உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர்

ஆட்டக்காரராக அவர் பெரிய ஆளில்லை சார். அதுவே அவருக்கு லாபமாகப் போயிற்று என்பது என் கட்சி.

1955இல் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கல்லூரியில் உடலியங்கியல் சொல்லித்தந்தவர், அம்மா பள்ளியில் ஆங்கிலம். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதை டங்கி பேசும்போதே கண்டுபிடித்துவிடலாம். வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குவாட்டர்பேக்காக ஆடி, வெளியே வரும்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் எறிதல் சாதனைகளையெல்லாம் தன் பெயரில் வைத்திருந்தார். ஆனாலும் 1977இல் தொழில்முறை அணிகள் ஆளெடுத்தபோது ஒரு அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கறுப்பினப் பையன் குவாட்டர்பேக் என்றால், ‘நன்றாக ஓடுகிறாய், வேறு இடத்தில் ஆடு’ என்பார்கள். அடுத்த வருஷம் வாரன் மூன் என்ற அருமையான குவாட்டர்பேக்குக்கும் இதே கதிதான். அவர் கனடாவுக்குப் போய் ஜெயித்துக் காட்டிவிட்டு வரவேண்டியிருந்தது.

டங்கி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் சேர்ந்தார். எறிகிறவனாக வேண்டாம், எறிவதைத் தடுக்கிறவனாக வா என்றார்கள். சேஃப்டி ஆனார். குவாட்டர்பேக்காக இருந்தவனுக்கு எதிராளி குவாட்டர்பேக் எந்தப் பக்கம் பார்ப்பான், எப்போது பதறுவான் என்று தெரியாதா? இரண்டாவது வருஷம் அணியிலேயே அதிகமாக ஆறு பந்துகளை மறித்துப் பிடித்தார். அதே பருவத்தில் ஸ்டீலர்ஸ், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தது. அடுத்த வருஷமே அவரை சான் பிரான்சிஸ்கோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள், அதற்கடுத்த வருஷம் நியூயார்க் அணி முகாமிலேயே கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. ஆட்டக்காரர் வாழ்க்கை மொத்தமே மூன்று பருவம்தான்.

அவர் பெயரில் விசித்திரமான சாதனை ஒன்று உண்டாமே?
- கல்லூரி மாணவர், திண்டுக்கல்

இருக்கிறது தம்பி. 1977 அக்டோபரில் ஹூஸ்டனில் ஒரு ஆட்டம். ஸ்டீலர்ஸின் முதல் குவாட்டர்பேக் டெரி பிராட்ஷாவுக்கு மணிக்கட்டில் அடி. அவருக்குப் பதில் வந்தவருக்குத் தோள் நழுவியது. மூன்றாவது ஆள் கிடையாது. ‘கல்லூரியில் எறிந்தவன் ஒருத்தன் இருக்கிறானே’ என்று சேஃப்டியாக ஆடிக்கொண்டிருந்த டங்கியைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவர் எதிராளி எறிந்ததையும் மறித்துப் பிடித்தார், தான் எறிந்ததையும் எதிராளி கையில் கொடுத்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டும். ஆட்டம் தோற்றது.

இவ்வளவு கெட்டிக்காரர் என்றால் ஏன் தலைமை கோச் ஆக நாற்பது வயது வரை காத்திருந்தார்?
- ஓய்வுபெற்ற தாசில்தார், புதுக்கோட்டை

நீங்களே பதவி உயர்வுப் பட்டியல் பார்த்தவர், உங்களுக்குச் சொல்லவேண்டுமா?

1981இல், 25 வயதில், பழைய ஸ்டீலர்ஸ் அணியிலேயே உதவி கோச். லீக்கிலேயே வயதில் சின்னவர். 28 வயதில் தடுப்பாட்டம் முழுவதும் அவர் பொறுப்பு. அப்போது இருந்த 28 அணிகளில் ஒன்றில்கூடக் கறுப்பினத் தலைமை கோச் கிடையாது. 1920களில் ஃப்ரிட்ஸ் போலார்ட் ஒருவர் இருந்தார். அவருக்குப் பிறகு 1989இல் ஆர்ட் ஷெல் வரும்வரை ஒருவரும் இல்லை. களத்தில் ஆடியவர்களில் பாதிக்குமேல் கறுப்பினத்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள், கைகுலுக்குவார்கள், வேறொருவரை நியமித்துவிட்டதாகச் செய்தி வரும். 1988 பருவம் முடிந்ததும் ஸ்டீலர்ஸ் அவரையே ஒரு படி கீழே இறங்கச் சொன்னது. கான்சஸ் சிட்டிக்குப் போனார், மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார். 1996இல்தான் டாம்பா பே பக்கனியர்ஸ் கூப்பிட்டது. அதுவும் எப்படிப்பட்ட அணி? பிறந்த உடனே தொடர்ந்து 26 ஆட்டம் தோற்ற அணி, 1982க்குப் பிறகு ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் பார்க்காத அணி. பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை வாங்கினார்களே கிளேசர் குடும்பம், அவர்கள்தான் முதலாளிகள்.

டாம்பாவில் அவர் விதைத்ததை வேறொருவர் அறுத்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?
- வங்கி ஊழியர், காரைக்குடி

உண்மை. நான் பிற்பாடு வேலை பார்த்த ஆபீஸில் டாம்பாக்காரர் ஒருவர் இருந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் காபி ஆறிப்போகும்.

முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. ஒன்பது ஆட்டம் முடிந்தபோது வெற்றி ஒன்றே ஒன்று. டங்கி எதையும் மாற்றவில்லை. அதே பயிற்சி, அதே நாலைந்து வியூகம், அதே மெல்லிய குரல். மீதி ஏழில் ஐந்து ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் பத்து வெற்றி. 1999 பருவத்தில் சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே, ராம்ஸ் அணியிடம் 11-6 என்று தோற்றார்கள். அந்த ஸ்கோரிலேயே அவருடைய பலமும் பலவீனமும் இருக்கிறது: அந்தப் பருவத்தில் எல்லாரையும் வெளுத்துக்கொண்டிருந்த ராம்ஸைப் பதினொன்றில் நிறுத்தினார், தன் ஆட்களுக்கு ஒரு டச் டவுன் வாங்கித் தரத் தெரியவில்லை. 2002 ஜனவரியில் வேலை போயிற்று. கோச் ஜான் க்ரூடன் வந்து, அடுத்த பருவத்திலேயே சூப்பர் பவுல் ஜெயித்தார். அந்தத் தடுப்பாட்டக்காரர்கள் வாரன் சாப், டெரிக் ப்ரூக்ஸ், ஜான் லிஞ்ச், ரோண்டே பார்பர் எல்லாரும் டங்கி கையில் வளர்ந்தவர்கள்.

க்ரூடனையும் குறை சொல்லமாட்டேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, உப்புப் போடத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

டாம்பாவில் 54 வெற்றி, 42 தோல்வி வைத்திருந்தவருக்கே இந்த மரியாதையா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. அதே சமயம் மினசோட்டாவின் கறுப்பினத் தலைமை கோச் டென்னிஸ் கிரீனுக்கும் வேலை போயிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து கிளப்பிய பேச்சில்தான், தலைமை கோச் இடம் காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும் என்ற ‘ரூனி விதி’ 2003இல் வந்தது. ரூனி என்பது பழைய ஸ்டீலர்ஸ் முதலாளியின் பெயர்.

டங்கியின் தடுப்பு வியூகத்தை ‘டாம்பா 2’ என்கிறார்களே, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
- பதினொன்றாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

வீட்டுக்குப் பின்னால் பெரிய தோட்டம், காவலுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள். இடது பாதி ஒருவருக்கு, வலது பாதி ஒருவருக்கு. திருடன் எங்கே புகுவான்? நடுவே. அந்த இரண்டு காவலாளிகள்தான் சேஃப்டிகள். டாம்பா 2இல், அவர்களுக்கு முன்னால் நடுவில் நிற்கும் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரர் பந்து நகர்ந்த அடுத்த நொடியே திரும்பிப் பின்பக்கம் ஓடி, அந்த நடு இடைவெளியை அடைப்பார். எறிகிறவரை விரட்ட நான்கு பேர் மட்டும். மற்ற எல்லாரும் ஆளைத் துரத்தாமல் தன் இடத்தைக் காத்து, கண்ணைப் பந்தின் மேல் வைத்திருப்பார்கள். ரகசியம் ஒன்றும் கிடையாது, எதிரணிக்கே தெரியும். தெரிந்தும் உடைக்க முடியாத அளவுக்கு வேகம், பழக்கம். டாம்பாவின் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, இது எழுபதுகளின் ஸ்டீலர்ஸ் புத்தகத்திலேயே இருந்தது என்று டங்கியே சொல்லியிருக்கிறார்.

நீங்கள் பார்த்ததில் மறக்க முடியாத ஆட்டம்?
- ஆட்டோ ஓட்டுநர், மதுரை

பார்த்ததில் என்று கேட்கிறீர்கள், நான் பார்க்காமல் விட்டதைச் சொல்கிறேன் அண்ணே.

2003 அக்டோபர் 6, திங்கட்கிழமை ராத்திரி. டாம்பா அனுப்பிவிட்ட கோச், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாக டாம்பாவுக்கே போகிறார். அன்றைக்கு அவருக்கு 48வது பிறந்தநாள். எதிரே நடப்பு சாம்பியன்கள். நான் சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். டாம்பாவின் ரோண்டே பார்பர், அதே பழைய சிஷ்யர், கோல்ட்ஸ் குவாட்டர்பேக் பெய்ட்டன் மானிங் எறிந்த பந்தை மறித்து டச் டவுனுக்கே கொண்டுபோய்விட்டார். 35-14. ஐந்து நிமிஷம்தான் பாக்கி. பிறந்தநாளும் அதுவுமாக மனுஷனுக்கு இப்படியா என்று அங்கலாய்த்துவிட்டு, டிவியை அணைத்துப் படுத்துவிட்டேன்.

காலையில் ஆபீஸ் போனால் டாம்பாக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ‘ஜெயித்தீர்கள், அப்புறம் என்ன?’ என்று கேட்டேன். என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நடந்தது இது. அடுத்து வந்த பந்தைப் பிராட் பையட் என்ற பையன் 90 கஜம் ஓடிக் கொண்டுவந்தான், ஒரு டச் டவுன். குட்டையாக உதைத்த பந்தைக் கோல்ட்ஸே கைப்பற்றியது. மார்வின் ஹாரிசனுக்கு ஒன்று. 35 நொடி பாக்கியிருக்கும்போது இன்னொன்று. 35-35. கூடுதல் நேரத்தில் கோல்ட்ஸின் மைக் வாண்டர்ஜாக்ட் கம்பங்களுக்கு நடுவே உதைக்கப் பார்த்த பந்து வெளியே போனது, ஆனால் டாம்பா ஆள் ஒருவர் விதியை மீறித் தாவியதாக மறு வாய்ப்பு. இரண்டாவது உதை எதிராளி விரலில் பட்டு, கம்பத்தில் இடித்து, உள்ளே விழுந்தது. 38-35.

அந்த ரசத்தை வைத்து என் மனைவி இன்றுவரை கேலி செய்கிறாள்.

அவருக்குக் கோபமே வராதா?
- இல்லத்தரசி, கும்பகோணம்

வரும். நடுவரிடம் வாய் அசைவதை டிவியில் பார்த்திருக்கிறேன். ஆனால் கெட்ட வார்த்தை பேசமாட்டார், ஆட்டக்காரரைப் பலர் முன்னால் வையமாட்டார். ராத்திரி பகல் பாராமல் ஆபீஸிலேயே படுத்துக் கிடப்பது பல கோச்சுகளுக்குப் பெருமை. டங்கி தன் உதவியாளர்களை ‘வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பாருங்கள்’ என்று அனுப்பிவைப்பார்.

அவர் வாழ்க்கையில் பெரிய சோகம் ஒன்று உண்டு என்றார்கள்.
- பெயர் வேண்டாம், சென்னை

உண்டு. 2005 பருவத்தில் கோல்ட்ஸ் முதல் 13 ஆட்டமும் வென்றது. ஊரே மிதந்தது. டிசம்பர் 22ஆம் தேதி அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ், 18 வயது, டாம்பா பக்கம் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஒரு ஆட்டம் மட்டும் டங்கி வரவில்லை. அடக்கம் முடிந்து பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றார். எங்கள் ஆபீஸில் அந்த வாரம் யாரும் ஸ்கோர் பேசவில்லை. பின்னாளில் தன் பிள்ளையைப் பற்றிப் பொதுமேடையில் அவரே பேசினார், மகனை இழந்த மற்ற பெற்றோருக்கு நேரம் கொடுத்தார். அந்தப் பருவம் கோப்பை கிடைக்கவில்லை. பழைய ஸ்டீலர்ஸிடமே 21-18 என்று தோற்றார்கள்.

கடைசியில் சூப்பர் பவுல் ஜெயித்தாரா இல்லையா? இழுக்காமல் சொல்லுங்கள்.
- மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி

ஜெயித்தார். 2007 ஜனவரி 21, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 21-3 என்று பின்தங்கி, 38-34 என்று வென்றது கோல்ட்ஸ். அந்த அணியிடம் அதற்கு முன் இரண்டு பருவம் நாக்-அவுட்டில் அடி வாங்கியிருந்ததால், எங்கள் ஊரில் அன்றைக்கே கோப்பை கிடைத்த மாதிரிதான். பிப்ரவரி 4 அன்று மயாமியில் கொட்டுகிற மழையில் இறுதி ஆட்டம். முதல் உதையையே சிகாகோ பேர்ஸின் டெவின் ஹெஸ்டர் 92 கஜம் ஓடி டச் டவுன் ஆக்கினார். மறுபடி அதே கதைதான், டங்கி எதையும் மாற்றவில்லை. 29-17.

சூப்பர் பவுல் ஜெயித்த முதல் கறுப்பினத் தலைமை கோச் அவர். எதிரே நின்ற லவ்வி ஸ்மித்தும் கறுப்பினத்தவர், டாம்பாவில் டங்கியிடம் வேலை பழகியவர். அதாவது யார் ஜெயித்தாலும் அன்றைக்கு அந்த வரலாறு நடந்திருக்கும். ஆட்டக்காரராகவும் தலைமை கோச்சாகவும் சூப்பர் பவுல் வென்றவர்கள் அவருக்கு முன் இரண்டே பேர்: டாம் ஃப்ளோரஸ், மைக் டிட்கா. மறுநாள் ஊர்வலத்துக்குப் போனேன், காது உறைந்துபோகிற குளிர், இரண்டு ஜோடி சாக்ஸ்.

ஆஹா ஓஹோ என்கிறீர்கள். குறையே இல்லாத மனிதரா?
- வழக்கறிஞர், கோயம்புத்தூர்

எனக்கு ஒரு வருத்தம் உண்டு வக்கீல் சார். தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன மைக்கேல் சாம் என்ற ஆட்டக்காரரை 2014இல் ஒரு அணி எடுத்தது. தானாக இருந்தால் எடுத்திருக்கமாட்டேன், அதனால் வரும் பரபரப்பைச் சமாளிக்க விரும்பமாட்டேன் என்கிற பொருளில் டங்கி சொன்னார். அவனுக்கு ஆட வாய்ப்பு உண்டுதான் என்று பிறகு விளக்கமும் கொடுத்தார். அவருக்கு ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை, அது தெரிந்ததே. ஆனால் நாய்ச்சண்டை வழக்கில் சிறைக்குப் போய்வந்த மைக்கேல் விக்குக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று 2009இல் கூடவே நின்று வழிகாட்டியவரும் இவர்தான். அந்தப் பரபரப்பு மட்டும் சின்னதா? ‘உன்னை எடுத்தால் தொல்லை’ என்ற காரணத்தால் பதினைந்து வருஷம் வாசலில் நிற்க வைக்கப்பட்டவர், அதே காரணத்தை இன்னொருவனுக்குச் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது என்ன செய்கிறார்?
- வாசகர், வேலூர்

2009 ஜனவரியில், 53 வயதில், தானாகவே விலகினார். லீக் பருவ ஆட்டங்களில் 139 வெற்றி, 69 தோல்வி. 2016இல் ஓஹையோவின் கேன்டன் நகரத்தில் ஃபுட்பால் ஜாம்பவான்களுக்கென்று இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் டிவியில் ஆட்டம் அலசினார். கத்தாமல்தான்.

அவரை நேரில் பார்த்ததுண்டா?
- செவிலியர், தஞ்சாவூர்

தூரத்திலிருந்து ஒரு தடவை. 2004 டிசம்பர் 26.

தேதியைப் பார்த்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்கு அங்கே கிறிஸ்துமஸ் ராத்திரி. கடலூரில் கடற்கரைப் பக்கம் என் அக்கா வீடு. விடிய விடிய காலிங் கார்டைச் சுரண்டிச் சுரண்டி நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன், லைன் கிடைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மூலம், எல்லாரும் மொட்டைமாடியில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் ஆட்டத்துக்கு டிக்கெட் ஒரு மாதம் முன்பே வாங்கியிருந்தோம். ‘வீட்டில் உட்கார்ந்து டிவியில் அலையைப் பார்த்துக்கொண்டிருக்காதே’ என்று அந்த டாம்பாக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஆர்.சி.ஏ. டோம், மேல்தட்டு. ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஜனம். மானிங்குக்கு அன்று டச் டவுன் எறிதல் சாதனையை உடைக்கும் நாள், எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். எனக்குப் பந்தில் மனம் போகவில்லை. நண்பரின் பைனாகுலரை வாங்கி, காரணம் தெரியாமல், டங்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கட்டம், எட்டு புள்ளி பின்தங்கல், நான்காவது வாய்ப்பில் இன்னும் நாலு கஜம் வேண்டும், சொந்தப் பாதியிலேயே நிற்கிறார்கள். டங்கி பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடச் சொல்லி ஆட்களை உள்ளே அனுப்பினார். மானிங் திரும்பிப் பார்த்து, ‘போங்க போங்க’ என்று கையை ஆட்டி அவர்களை வெளியே அனுப்பிவிட்டார். ஊர் முன்னால் கோச்சின் உத்தரவை ஆட்டக்காரன் திருப்பி அனுப்புகிறான். பைனாகுலரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையைக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். மானிங் எறிந்தார், கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் 49வது டச் டவுன், ஸ்கோர் சமன், கூடுதல் நேரத்தில் 34-31 என்று ஜெயித்தார்கள். ஜனம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. நான் படிக்கட்டுக்கு இறங்கிவந்து, கார்டில் எத்தனை நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி கடலூர் நம்பரைப் போட ஆரம்பித்தேன்.